முக்கால்வாசிக் கட்டுவிரியன்

விலங்கியல் படித்தது அவ்வளவு பெரிய குற்றமா என்று பிரகதீஸ்வரி தன்னைத்தானே கேட்டுக்கொள்ளாத நாள் அந்தக் குறுவைப் பருவத்தில் ஒன்றுகூட இல்லை. கல்லூரியில் மூன்று வருஷம் தவளையை அறுத்ததும், பாட்டிலுக்குள் வெளிறிச் சுருண்டு கிடந்த பாம்புகளைப் பார்த்துப் படம் போட்டதும் எந்த உத்தியோகத்துக்கும் உதவவில்லை. மன்னார்குடியிலிருந்து கூத்தாநல்லூர் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிற வேலைதான் கிடைத்தது. அதுவும் பருவத்துக்குப் பருவம். அறுப்பு முடிந்தால் வேலையும் முடிந்தது. அப்படியிருக்க, எவர் வாயோ சும்மா இருக்காமல் "மேடம் பாம்பைப் பத்திப் படிச்சவங்க" என்று ஒரு சொல்லைக் களத்தில் போட்டுவிட்டது. அன்று பிடித்தது சனி.

களத்தில் பாம்புக்கா பஞ்சம்? நெல் வந்தால் எலி வரும். எலி வந்தால் பாம்பு வரும். பாம்பு வந்தால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் "மேடத்தைக் கூப்பிடு" என்று ஒரு குரல் வரும். உடனே அவள் போட்டுக்கொண்டிருந்த பில்லை அப்படியே விட்டுவிட்டு, சேற்றுப்புண் எரிகிற காலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு போய் நிற்க வேண்டும். நல்ல பாம்பு என்று பத்துப் பேர் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுவார்கள், பார்த்தால் சாரை. கண்ணாடிவிரியன் குட்டி என்று அலறுவார்கள், அது மண்ணுளி. தண்ணீர் டிரம்மில் விழுந்து கரையேறத் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு நீர்க்கோலிக்காகப் பாதிக் களம் வேலையை நிறுத்திவிட்டு நின்றது. இவள் பாம்பின் பெயரைச் சொன்னதும் கூட்டம் கலையும். யாரும் நன்றி சொல்வதில்லை. பயந்தது வீணாகிப்போனதே என்கிற ஏமாற்றம்தான் முகங்களில் தெரியும்.

சுமை தூக்குகிறவர்களுக்குத் தலைவரான சிங்காரவேலுவுக்கு அவள் சொல்வதில் பாதி நம்பிக்கைதான். விஷம் உண்டு என்றாலும் இல்லை என்றாலும் அவருடைய கடப்பாரை தன் வேலையைச் செய்தே தீரும். முதல் அடி தலையில். செத்த பிறகும் விடமாட்டார். கருங்கல்லைத் தூக்கிவந்து தலையையும் கழுத்தையும் அம்மியில் வைத்த மாதிரி அரைத்துவிடுவார். செத்த பாம்பின் கண்ணில் அடித்தவன் முகம் படமாக நிற்குமாம். ஜோடிப் பாம்பு வந்து அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு ஆளைத் தேடி வீட்டுக்கே வருமாம். கண்ணே இல்லாமல் செய்துவிட்டால் சாட்சிக்கு வழியில்லை. அதற்கப்புறம் வைக்கோலைப் போட்டு எரித்துவிட வேண்டும்.

"பாம்புக்குப் பார்வையே அவ்வளவா கெடையாதுண்ணே. மூஞ்சியெல்லாம் ஞாபகம் வச்சுக்காது" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"அது உங்க புஸ்தகத்துப் பாம்பு மேடம். இது களத்துப் பாம்பு" என்றார் சிங்காரவேலு.

அதற்கப்புறம் அவள் வாதாடவில்லை. வாதாடத் தெம்பு வேண்டுமே. சாக்கு வரவில்லை என்று ஒரு பக்கம், கட்டின நெல் சிப்பங்களை ஏற்ற லாரி வரவில்லை என்று ஒரு பக்கம், ஈரப்பதம் கூடுதலாகக் காட்டுகிறது என்று இவள் சொன்னால் "மெஷினுக்கு என்ன தெரியும் மேடம்" என்று விவசாயிகள் ஒரு பக்கம். எல்லாரும் நியாயமாகத்தான் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்துக்கு ஆளாக எதிரே ஒரு மேஜையும் மேஜைக்குப் பின்னால் இவளும் இருந்ததுதான் அவள் செய்த தப்பு. சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால் மன்னார்குடி வரைக்கும் கண்ணைத் திறக்கமாட்டாள். வீட்டில் மகள் இசைவாணி பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்ல ஆரம்பித்து, அம்மா தூங்கிவிட்டதைப் பார்த்துப் பாதியில் நிறுத்துவாள். அதை நினைக்கிறபோதெல்லாம் பிரகதீஸ்வரிக்கு வெட்கமாக இருக்கும்.

அன்று மத்தியானம் மழை விட்டிருந்தது. ஐப்பசி வெயிலை நம்பித் தார்ப்பாயைப் பிரிக்கக் கூடாது என்பது களத்தில் எல்லோருக்கும் தெரியும். பிரிக்காமல் இருக்கவும் முடியாது. கிழக்கே மறுபடியும் கருத்துக்கொண்டு வந்தது. தூற்றுகிற மெஷினில் ஓடிக்கொண்டிருந்த குவியல் முடிகிற கட்டம். அடுத்த முறை முருகையனுடையது. அவருக்கு அடுத்தது கூத்தாநல்லூர் மீரா உசேனுடையது.

முருகையனின் அப்பா இதே ஊரில் பண்ணைக்குக் கூலியாளாக நின்றவர். முருகையன் ஆறு மா நிலம் சொந்தமாக வாங்கி, மேற்கொண்டு கொஞ்சம் குத்தகைக்கும் பிடித்து விவசாயி ஆனவர். அந்த வருஷம் தீபாவளியைக் குவியலுக்குப் பக்கத்திலேயே கழித்தார். மனைவி செவ்வந்தி தூக்குவாளியில் அதிரசம் கொண்டுவந்து கொடுக்க, அதைக் களத்து ஆட்களுக்கெல்லாம் பங்கு வைத்தார். குவியலை விட்டு அவர் நகர்வதில்லை, நகரவும் முடியாது. முறை வருகிற நேரத்தில் நெல்லுக்குச் சொந்தக்காரன் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவன் நெல் மெஷினில் ஏறும் என்பது களத்தில் எப்போதும் உள்ள வழக்கம். இப்போது அதற்குமேல் கைரேகை மெஷின் வேறு வந்துவிட்டது. பதிவு செய்தவர் விரலை வைத்து அது ஒப்புக்கொண்டால்தான் பட்டியல் திறக்கும். பெண்டாட்டி விரலுக்கும் திறக்காது, பெற்ற பிள்ளை விரலுக்கும் திறக்காது.

முருகையன் தன் முறை வருகிற சந்தோஷத்தில் தார்ப்பாயை மடிக்கப் போனார். காற்றுக்குப் பறக்காமல் ஓரத்தில் கல் வைத்திருந்தது. கல்லைத் தூக்க அதற்கு அடியில் கையை விட்டார். சுருக்கென்றது.

"பாம்பு! பாம்பு!" என்று செவ்வந்திதான் கத்தினாள். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். சிங்காரவேலு நடுங்குகிற ஆள் இல்லை. பிரகதீஸ்வரி மேஜையிலிருந்து எழுந்து வருவதற்குள் கடப்பாரையும் கருங்கல்லும் வேலையை முடித்திருந்தன. தலை இல்லை. தலையை ஒட்டின ஒரு சாண் கழுத்தும் இல்லை. தரையோடு தரையாகக் கூழாகிக் கிடந்தது.

முருகையன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு சாதாரணமாக நின்றார். சுண்டு விரலுக்குக் கீழே ஊசி குத்தின மாதிரி இரண்டு புள்ளி. வீக்கம்கூட இல்லை.

"ஒண்ணுமில்லைங்க மேடம். தண்ணிப்பாம்பு. வெள்ளக்கோடு போட்டது, நம்ம வாய்க்கால்ல கெடக்குமே. சுருக்குனு பட்டுச்சு, அவ்வளவுதான். வலிகூட இல்ல."

வலிகூட இல்லை என்று அவர் சொன்னதுதான் அவளுக்கு உறுத்தியது. கட்டுவிரியன் கடித்தால் வலிக்காது, வீங்காது. யாரோ ஒருவர் மணிக்கட்டில் கயிற்றை இறுக்க வந்தார். "கட்டாதீங்க, கட்டக் கூடாது. கைய அசைக்காம வச்சுக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் பாம்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

கருநீலத்தில் எண்ணெய் தடவின மாதிரி மின்னுகிற உடம்பு. குறுக்கே மெல்லிய வெள்ளை வளையங்கள். இப்படி உடம்புள்ள பாம்பு இந்தப் பக்கத்தில் இரண்டு உண்டு. ஒன்று கட்டுவிரியன். இன்னொன்றை வெள்ளிக்கோல் வரையன் என்று புத்தகம் சொல்லும். பல்லியைத் தின்றுகொண்டு வீட்டுச் சுவரில் ஏறி இறங்குகிற சாது, விஷமே கிடையாது. வளையம் கழுத்திலேயே பளிச்சென்று தொடங்கி வாலுக்குப் போகப் போக மங்கினால் அது சாது. கழுத்தில் ஒன்றுமில்லாமல் வாலுக்குப் போகப் போகப் பளிச்சென்று தெரிந்தால் எமன். ஆக, முதலில் பார்க்க வேண்டியது கழுத்தை. அந்தக் கழுத்தைத்தான் சிங்காரவேலு அரைத்து வைத்திருந்தார்.

சரி, வாலைப் பார்க்கலாம் என்றால் வாலெல்லாம் சேறு. தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கழுவினாள். வளையம் இருந்தது. பளிச்சென்று இருக்கிறதா, மங்கல்தானா? ஒத்துப்பார்க்கக் கழுத்து இல்லாதபோது எதைப் பளிச்சென்று சொல்வது, எதை மங்கல் என்பது? முதுகுத்தண்டின் மேலே ஓடுகிற செதில் வரிசை மற்றவற்றைவிடப் பெரிதாக, ஆறு மூலையாக இருந்தால் அது விரியன். கடப்பாரை அடியில் தோல் அங்கங்கே உரிந்திருந்தது. ஓரிடத்தில் பெரிதாக இருக்கிற மாதிரி தெரிந்தது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தது. கிட்டத்துக்குப் போடுகிற கண்ணாடியை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

முக்கால்வாசி விரியன், கால்வாசி சாது. அதற்குமேல் அவளால் போக முடியவில்லை. பரீட்சையில் என்றால் தெரிந்தவரைக்கும் எழுதிவிட்டுப் பேசாமல் வந்துவிடலாம்.

"என்ன பாம்பு மேடம்? சொல்லுங்க" என்றார் முருகையன்.

"எந்தப் பாம்பா இருந்தா என்னண்ணே? ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. டாக்டரு பாம்பையா பாக்கப்போறாரு, உங்களத்தானே பாக்கப்போறாரு."

"அப்ப உங்களுக்கே தெரியல."

அவள் மறுபடியும் வாலைத் திருப்பிப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியலன்னா அது தண்ணிப்பாம்புதான். விரியன்னா இந்நேரம் சொல்லியிருப்பீங்க. நான் எடை போட்டு விரலை வச்சுட்டு சாயந்தரமா போய்க்கிறேன்."

அடுத்த குவியலுக்கு முன்னால் நின்ற மீரா உசேன் கிட்டே வந்தார். இருபது வருஷம் குவைத்தில் லாரி ஓட்டிவிட்டு ஊரோடு வந்து விவசாயம் பார்க்கிறவர். "விளையாடாதே முருகையா. நீர்க்கோலி கடிச்சாலும் ராச்சாப்பாடு கெடும்னு உங்க ஆளுங்கதானே சொல்லுவீங்க" என்றார்.

"ராச்சாப்பாடுதானே பாய்? பட்டினி கெடந்துட்டுப் போறேன்" என்று முருகையன் சிரித்தார். சிரித்துவிட்டு, மனசில் இருந்ததையும் சொல்லிவிட்டார். "நான் போனா அடுத்தது உங்க நெல்லுதானே."

மீரா உசேனின் முகம் சட்டென்று வாடிப்போயிற்று. அவர் கிழக்கே மேகத்தைப் பார்த்தார். செவ்வந்தி மட்டும், "கெளம்பி வாங்க, போவோம், கெளம்பி வாங்க" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்கிற மாதிரி இல்லை. மெஷின்காரர் அதற்குள் "அடுத்தது யாரு? நெல்லை அள்ளுங்க" என்று குரல் கொடுத்துவிட்டார்.

பிரகதீஸ்வரிக்குப் புரிந்தது. இந்த மனுஷன் நடப்பதும் நிற்பதும் தான் சொல்லப்போகிற ஒரு பெயரில் இருக்கிறது. தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னால் நிற்பார். முக்கால்வாசி என்று சொன்னால் அந்தக் கால்வாசியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கட்டுவிரியனாக இருந்தால் சாயந்தரம் வரைக்கும் நன்றாகத்தான் பேசுவார், சிரிப்பார். இருட்டுகிறபோது கண்ணிமை இறங்கும், அப்புறம் மூச்சு. சாதுவாக இருந்து, இவள் பேச்சைக் கேட்டு அவர் போய்விட்டால் வருஷத்து உழைப்பு அநியாயமாகக் களத்தில் கிடக்கும், மழை வேறு வருகிறது. ஏனடா இந்தப் படிப்பைப் படித்தோம் என்று இருந்தது அவளுக்கு. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை. வேறு யாராவது சொல்லட்டுமே, ஏன் நான், என்று நினைத்தபடியே எழுந்தாள்.

"கட்டுவிரியன்" என்றாள்.

"நெசமாவா?"

"கட்டுவிரியன்தாண்ணே. நல்லாப் பாத்துட்டேன்."

முருகையன் அவளையே பார்த்தார். "உங்க பொண்ணு மேல சத்தியமா?"

பெற்ற பிள்ளையின் தலைமேல் கால்வாசிப் பொய்யை வைக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்?

"என் பொண்ணு மேல சத்தியமா" என்றாள்.

முருகையன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. முதல் தடவையாகத் தன் கையைத் தானே பயத்தோடு பார்த்தார். மீரா உசேன் கார் சாவியை எடுத்தார். "ஏறு. ஆம்புலன்ஸு வந்து சேர நேரமாவும்."

"உங்க நெல்லு பாய்?" என்று கேட்டது சிங்காரவேலு.

"கெடந்தா கெடக்குது" என்று சொல்லிவிட்டு அவர் முருகையனையும் செவ்வந்தியையும் ஏற்றிக்கொண்டு போனார். மூன்றாவதாகக் காத்திருந்தவரின் நெல் மெஷினில் ஏறியது. அந்த மனுஷனும் சந்தோஷமாக ஏற்றவில்லை. தலையைக் குனிந்துகொண்டே அள்ளிப் போட்டார்.

பிரகதீஸ்வரி மேலதிகாரிக்குப் போன் போட்டாள். ஆள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நெல் இங்கே இருக்கிறது, ரேகை மெஷினை எடுத்துக்கொண்டு அங்கே போய் வரட்டுமா என்று கேட்டாள். அது களத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்றார். மனைவியின் ரேகையை வைத்துக்கொள்ளலாமா என்றாள். கூடாது என்றார். ரேகை இல்லாமல் இப்போதைக்கு எடை போட்டுவைக்கிறேன், பட்டியல் பிறகு போடலாம் என்றாள். "ஏம்மா, என் வேலைக்கு உலை வைக்கப் பாக்குறியா?" என்றார். அவரும் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலேயும் ஒருவர் இருக்கிறார்.

போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேகமாகத் திரும்பி வந்தாள். நிதானமாக இன்னொரு தடவை பார்த்துவிட்டால் மனசு ஆறும் என்றுதான். பாம்பு இல்லை. வைக்கோல் சாம்பல்தான் புகைந்துகொண்டிருந்தது.

"எரிச்சுட்டீங்களா?"

"பின்ன? விரியன்னு நீங்கதானே சொன்னீங்க. ஜோடி வந்தா யாரு பதில் சொல்றது?" என்றார் சிங்காரவேலு.

அவள் அங்கேயே நின்றாள். கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது.

மழை சாயந்தரம் பிடித்தது. சாதாரண மழை இல்லை. வானத்தில் யாரோ குடத்தைச் சாய்த்துவிட்டு மறந்துபோன மாதிரி விடாமல் கொட்டியது. முருகையன் குவியலுக்குத் தார்ப்பாயை இழுத்துப் போட்டு, அவளும் சிங்காரவேலுவும்தான் கல் வைத்தார்கள். ஆனால் மேலே போர்த்தி என்ன, களத்துத் தண்ணீர் கீழேயிருந்து அல்லவா வருகிறது. இத்தனை நாள் ஈரத்தில் அடிநெல் ஏற்கெனவே ஊறியிருந்தது.

இருட்டுகிற நேரம் மீரா உசேன் போன் செய்தார். "அல்லாஹ் காப்பாத்துனான். நல்லா முழிச்சிக்கிட்டுதான் இருக்காரு. மூச்சு சீரா இருக்கு. நாளைக்கும் வச்சுப் பாக்கணும்னு டாக்டரு சொல்றாரு."

"கண்ணு? இமை எறங்குதா பாய்?"

"எறங்கல. என்னத்த எறங்க? என்னையத் திட்டிக்கிட்டு இருக்காரு."

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அது நிஜம். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னலைச் சாத்தினபோது இன்னொரு நினைப்பும் வந்தது, அதுவும் நிஜம்: கொஞ்சூண்டு இமை இறங்கியிருக்கக் கூடாதா? உயிருக்கு ஒன்றும் ஆகாமல், நான் சொன்னது சரிதான் என்று ஊருக்குத் தெரிகிற அளவுக்கு மட்டும் ஒரு சொட்டு விஷம் ஏறியிருக்கக் கூடாதா? தான் சொன்னது சரி என்று ஆக வேண்டுமானால் முருகையன் சாக வேண்டும், இல்லாவிட்டால் சாவின் வாசல் வரைக்காவது போய் வர வேண்டும். அவர் நன்றாக இருக்க இருக்க இவள் பொய்க்காரி. சீ, என்ன புத்தி இது என்று தன் தொடையிலேயே கிள்ளிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருந்த இசைவாணியின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். சூடு ஒன்றும் இல்லை. இருந்தாலும் மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

மறுநாளும் மழை. அதற்கு மறுநாள் முருகையனை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கடித்திருக்கிறது, ஆனால் விஷம் ஏறவில்லை, விஷப் பாம்பும் சில சமயம் கடித்துவிட்டு விஷத்தை இறக்காமல் போய்விடும் என்று டாக்டர் சொன்னாராம். முருகையன் அதில் 'விஷம் இல்லை' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு நேரே களத்துக்கு வந்தார். தார்ப்பாயை விலக்கினார். உள்ளேயிருந்து ஆவி அடித்தது. கையை விட்டு அள்ளினார். நெல்லுக்கெல்லாம் வெள்ளை மூக்கு. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அது இதுதான்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பிரகதீஸ்வரிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒரு கை முளைத்த நெல்லோடு மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அது என்ன பாம்பு மேடம்?"

"கட்டுவிரியன்தாண்ணே."

"பொண்ணு மேல சத்தியம் வேற பண்ணீங்க." நெல்லை அவள் மேஜைமேல் கொட்டினார். "பொம்பளப் புள்ளை பெத்தவங்க. நல்லா இருங்க."

அவர் போன பிறகும் வெகுநேரம் அவள் அந்த நெல்லை மேஜையிலிருந்து தள்ளவில்லை. களத்தில் பேச்சு ஓடியது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? தண்ணிப்பாம்பையே விரியன் என்று சொன்ன மேடம் என்றார்கள். பாய் நெல்லை முன்னால் ஏற்றுவதற்காகச் சொன்ன பொய் என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. பாயின் நெல்லும்தான் அன்று ஏறாமல் நனைந்தது என்பது பேசினவர்களுக்குத் தெரியாமல் இல்லை. மீரா உசேன் தன் நெல்லைக் காயவைத்து ஒருவழியாக எடைக்குக் கொண்டுவந்த அன்று, விரலை மெஷினில் வைத்துக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டார். "நெசமா என்னத்தப் பாத்தீங்க மேடம்?"

"முக்கால்வாசி விரியன் பாய்."

அவர் மெஷினிலிருந்து விரலை எடுத்தார். "சரி. எங்கிட்ட சொன்னீங்க, அதோட விடுங்க" என்றார்.

அடுத்த வாரம் சாக்குக் கட்டுக்குள் ஒரு பாம்பு வந்தது. கூச்சல் கேட்டது, கடப்பாரை விழுகிற சத்தமும் கேட்டது. பிரகதீஸ்வரி பழக்கத்தில் செருப்பைத் தேடினாள். "மேடத்தைக் கூப்பிடு" என்று யாரும் சொல்லவில்லை. வைக்கோல் புகை மேஜை வரைக்கும் வந்தது. இந்தத் தொல்லை விட்டால் போதும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பாள். விட்டதும் சந்தோஷம் வரவில்லை. அழுகை வருகிற மாதிரி இருந்தது. தலையைக் குனிந்து பில் போட்டாள்.

பருவம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் செவ்வந்தி வந்தாள். களத்தைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். முருகையன் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்றுவிட்டார் போல. அவள் ஒருத்தியாக நின்று, முளைத்துப் பின்னிக் கட்டியாகிப்போன நெல்லை மண்வெட்டியால் வெட்டி, கூடையில் அள்ளி, வரப்போரத்தில் நிறுத்தியிருந்த வண்டியில் கொட்டினாள். மாட்டுக்குப் போடத்தான் இனி ஆகும். பிரகதீஸ்வரிக்கு மேஜையில் இருக்க முடியவில்லை. போய்க் கூடையின் இன்னொரு பக்கத்தைப் பிடித்தாள். செவ்வந்தி விடு என்று சொல்லவில்லை. இரண்டு பேருமாகத் தூக்கிக் கொட்டினார்கள். நாலைந்து கூடை போயிருக்கும்.

"அண்ணன் எப்படி இருக்காரு?" என்று பிரகதீஸ்வரி கேட்டாள். கேட்டபிறகு ஏன் கேட்டோம் என்று இருந்தது.

செவ்வந்தி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில்ல ஒரு ஆளு கெடந்தாரு மேடம். எங்க ஊட்டுக்காரரு வயசுதான் இருக்கும். கடிச்சது தண்ணிப்பாம்புன்னு சொல்லிட்டு வயல்லயே வேலை பாத்துக்கிட்டு இருந்தாராம். ராத்திரிதான் தூக்கியாந்தாங்க. அதுக்கப்புறம் கண்ணையே தொறக்கல. விடியறப்ப முடிஞ்சுபோச்சு. அந்தப் பொம்பளைக்கு நாந்தான் தண்ணி வாங்கிக் குடுத்தேன். முழுங்கத் தெரியல அவங்களுக்கு."

பிரகதீஸ்வரி கூடையைப் பிடித்தபடியே நின்றாள். நெல் போனது போகட்டும் என்று செவ்வந்தி சொல்லுவாள் என எதிர்பார்த்தாள் போல. செவ்வந்தி சொல்லவில்லை. "நெல்லு போனது போனதுதான். அத நெனச்சா எனக்கும் வயிறு எரியத்தான் எரியுது. ஒங்க மேலயும் எரியுது, இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன்" என்றாள்.

"அவரு..." என்று இழுத்தாள் பிரகதீஸ்வரி.

"அவரா? காலைல எந்திரிச்சதுலேருந்து ஒங்களத் திட்டறதுதான் வேலை. சாப்புடறப்பத் திட்டறாரு, மாட்டுக்குத் தண்ணி காட்டறப்பத் திட்டறாரு. படுத்தாலும் விடறதில்ல." செவ்வந்தி மறுபடி மண்வெட்டியை எடுத்தாள். "திட்டட்டும் மேடம். நான் பக்கத்துல படுத்துக்கிட்டு கேட்டுக்கிட்டே இருக்கேன். திட்டறதுக்கு அவரு இருக்காரே."

பிரகதீஸ்வரி கூடையைக் கீழே வைத்துவிட்டு, வெட்டிப் போட்ட நெல்லை இரண்டு கையாலும் அள்ளி நிரப்பத் தொடங்கினாள். இன்னும் பாதிக் குவியல் பாக்கி இருந்தது.